வெள்ளானூர்ல நின்னுபோன ஓட்டக்காரரு

எங்கூட்டுக்காரரு பேர நான் சொல்ல மாட்டேன். கேக்காதீங்க. புருஷன் பேர பொண்டாட்டி வாயால சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. கோயில்ல அர்ச்சனைக்கு பேரு கேட்டாகூட, பக்கத்துல நிக்கிறவளப் பாத்து "நீ சொல்லுடி"ன்னு கண்ண காட்டணும். எங்க பெரியம்மா புருஷன் பேரு துலுக்கானம். அதனால துலுக்கானத்தம்மன் கோயிலக்கூட அவ "அந்த தெக்கால ஆத்தா கோயிலு"ன்னுதான் சொல்லுவா. ஆத்தாளுக்கே அந்த கதின்னா மனுஷனுக்கு கேக்கணுமா? கிளப்புல எல்லாரும் அவர "கேங்கு"ன்னு கூப்புடுவாங்க. நான் "அவரு"ன்னே சொல்லிகினு போறேன்.

வெள்ளக்காரன் காலம் அது. ரெண்டாவது யுத்தம் இன்னும் வரல. ஆவடில பட்டாளமும் கெடையாது, பேக்டரியும் கெடையாது. ஸ்டேஷனு, ஏரி, வயக்காடு, அவ்ளோதான் ஊரு. அவரு ரயில்வே கேங்குல வேல. தண்டவாளத்தோடயே நடந்து போயி, ஜல்லிய அள்ளிப் போட்டு, கட்டைங்க ஆடாம கீதான்னு பாத்துட்டு வரணும். அவங்கப்பாவும் அதே வேலதான். சின்ன வயசுல அப்பாவுக்கு சோத்து தூக்கு எடுத்துகினு போறது இவரு வேல. கஞ்சி ஆறிடக் கூடாதுன்னு ஓடிகினே போவாராம். தாயில்லாத புள்ள, கஞ்சி காச்சினதும் இவரேதான். அப்ப ஓட ஆரம்பிச்ச காலு, அப்பா போய்ச் சேந்த அப்பாலயும் நிக்கல.

நான் வாக்கப்பட்டு வந்தப்ப எனக்கு இது ஒண்ணும் வெளங்கல. ஆறு நாளு வெயில்ல வேகுற மனுஷன், ஞாயித்துக்கிழமையாவது காலை நீட்டி படுக்க வேணாமா? விடியறதுக்குள்ள எழுந்து ஓடப் போயிடுவாரு. நாயி தொரத்துதா, போலீசு தொரத்துதா? ஒண்ணும் கெடையாது. சும்மா ஓடுறது.

அவரு மட்டுமில்ல, ஒரு கும்பலே ஓடிச்சு. ஸ்டேஷன்ல டிக்கெட்டு குடுக்கிற கிறிஸ்துராஜு ஐயா பண்ண வேல அது. பட்டணத்துல வெள்ளக்காரனுங்க பனியன் போட்டுகினு ஓடுறத பாத்துட்டு வந்து, நம்ம ஆளுங்களுக்கு இன்னா கொறச்சல்னு ஒரு ஓட்ட கிளப்பு வெச்சாரு. கேங்கு ஆளுங்க, மாட்டு வண்டிக்காரங்க, பட்டாணிக்கடை நாகேந்திரன்னு ஒரு இருவது பேரு சேந்தாங்க. ஐயா மாதா கோயிலுக்கு பூசைக்கு போறதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து ஏரிக்கரைல ஓடுவாங்க. அதுல ஒரு சட்டம் வேற. யாரு மெதுவா ஓடுறானோ அவன வுட்டுட்டு மத்தவங்க போவக் கூடாது. நாகேந்திரன் ஒடம்பு உங்களுக்கு தெரியாது. அண்டா அண்டாவா பட்டாணி வறுக்கிற ஒடம்பு. அவரு கூட ஓடுறதுன்னா நடக்கிறதுதான். எங்கூட்டாளுதான் எப்பவும் பின்னால நின்னு அவர கூட்டிகினு வருவாரு.

சித்திர பொறந்தா போட்டி. அறுப்பு முடிஞ்சி வயல்ல வேல இருக்காது, ரோடும் காஞ்சி கெடக்கும். சின்னதும் பெருசுமா ஓடிட்டு, வைகாசி கடேசில பெரிய போட்டி வெப்பாங்க. ஆவடி ஸ்டேஷன்லேர்ந்து எங்கம்மா ஊடு கீற வெள்ளானூரு போயி, அம்மன் கோயில சுத்திட்டு திரும்பி வரணும். மொதல்ல வர்றவங்களுக்கு ஒரு பித்தள சொம்பு. ரெண்டு வருசமா அத வாங்கினது கரையான்சாவடில ஜட்கா வண்டி ஓட்டுற ராயப்பன்.

தையில எங்களுக்கு கல்யாணம். பங்குனில ஒரு ஞாயித்துக்கிழம எங்க நைனா பரந்தாமன், வண்டி கட்டிகினு எங்கள விருந்துக்கு அழைக்க வர்றதா சொல்லி அனுப்பிச்சாரு. கல்யாணத்துக்கு அப்பால மொத தபா வர்றாரு. எங்க பக்கம், மொத தபா மாமனாரு வந்தா, மாப்பிள்ள வாசல்ல நின்னு சொம்புல தண்ணி குடுத்து "வாங்க மாமா"ன்னு கூப்புடணும். அதுக்கு முன்னாடி மாமனாரு வண்டிய வுட்டு எறங்க மாட்டாரு.

"இன்னிக்கு ஒரு நாளு போவாதீங்க"ன்னு நான் தலப்பாடா அடிச்சிகினேன்.

"வெயில் ஏர்றதுக்குள்ள வந்துடறேன்"ன்னு போனாரு.

வரல. நைனா வந்தாரு. வாசல்ல வண்டி நிக்குது, நைனா எறங்கல. நான் சொம்ப எடுத்துகினு போனா, "நீ குடுக்கக் கூடாது, அவன் வரட்டும்"ன்னாரு. வெயிலு ஏறுது, மாடு ரெண்டும் மூச்சு வுடுது, நைனா மொகம் செவந்து போச்சு. தெருவே வேடிக்க பாக்குது. உச்சி வேளைக்கு எங்கூட்டாளு வர்றாரு, தோள்ல நாகேந்திரன தாங்கிகினு! ஏரிக்கரைல நாகேந்திரனுக்கு காலு பெரண்டுகிச்சாம். வுட்டுட்டு வரக் கூடாதாம்.

"மாப்பிள்ளைக்கு மாமனார வுட பட்டாணிக்கடக்காரன் பெருசா பூட்டான்"ன்னு நைனா கத்துனாரு. "வடிவு, ஏறு வண்டில."

எனக்கும் பத்திகினுதான் வந்துச்சு. காலைலேர்ந்து கறிக்கொழம்பு ஆக்கி வெச்சிட்டு காத்துகினு கெடந்தவ நான். ஏறி ஒக்காந்துட்டேன். அப்பவும் அந்த மனுஷன் "போவாத"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன். வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தாரு? அப்படியே நின்னுகினு இருந்தாரு. வண்டி திரும்புற வரைக்கும் நான் பாத்துகினேதான் இருந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழம விடிகாலைல, வெள்ளானூரு தெருவுல தடதடன்னு சத்தம். மாடு கீடு அவுத்துகினு ஓடுதான்னு வாசலுக்கு வந்தா, கிளப்பு மொத்தமும் ஓடி வருது! ஏரிக்கரைல ஓடுறவங்களுக்கு வெள்ளானூர்ல இன்னா வேல? முன்னால கிறிஸ்துராஜு ஐயா, ஒண்ணுந் தெரியாதவரு மாதிரி வானத்த பாத்துகினு ஓடுறாரு. ஒருத்தன் எங்க ஊட்டு பக்கம் திரும்பணுமே? ஊஹூம். எல்லாருக்கும் பின்னால, பெரண்ட காலுல துணிய சுத்திகினு நாகேந்திரன், அவரு பக்கத்துல இவரு. இவரு மட்டுந்தான் திரும்பி பாத்தாரு. நான் கதவ படார்னு சாத்திட்டு உள்ள போயி, ஜன்னல் சந்துல பாத்தேன்.

அதுக்கடுத்த வாரமும் வந்தாங்க. வாரா வாரம் வந்தாங்க. போவ வர அவ்ளோ தூரம் ஓடி நாகேந்திரன் எளச்சே போயிட்டாரு. அவரு எளச்சா வேகம் கூடிடுமே, பாக்கிற நேரம் கொறயுமேன்னு எனக்கு வருத்தம்! ஆமாம், எங்கூட்டாளு மேல எனக்கு கொள்ள ஆச. சொன்னா இன்னா வெக்கம்? கட்டின புருஷன்தானே. சனிக்கிழம ராத்திரி தூக்கமே புடிக்காது. ஆனா நானா போயி நிக்க மாட்டேன். அவரும் வாய தொறக்க மாட்டாரு.

சித்திர பாதில ஐயா எங்க நைனாகிட்ட பேச வந்தாரு.

"பொண்ண அனுப்பி வைங்க. தப்புதான், பையன் தங்கமானவன்."

நைனா துண்ட ஒதறி தோள்ல போட்டாரு. "ஓட்டந்தானே அவனுக்கு பெருசு? வைகாசி போட்டில மொதல்ல வரட்டும். அன்னிக்கு குடுக்காத தண்ணிய அந்த சொம்புல கொண்டாந்து குடுக்கட்டும், அனுப்புறேன். இல்லன்னா ஊர கூட்டி அத்து வுட்டுடறேன்."

"நான் இன்னா மாட்டுச்சந்தை மாடா, பந்தயத்துல வெச்சி ஓட்ட?"ன்னு உள்ளேர்ந்து கத்துனேன். எங்கம்மா சொர்ணம் என் வாய பொத்திட்டா. நைனா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். ராயப்பன எவன் ஜெயிக்கிறது?

போட்டி நாளு வந்துச்சு. காத்தே இல்ல, மண்ணு கொதிக்குது. ஊரு சனம் மொத்தமும் ரோட்டோரம் நிக்குது. நான் எங்க ஊட்டு வேலியாண்ட அம்மா கூட நின்னேன். நைனா வண்டி நுகத்தடி மேல ஒக்காந்து கைய கட்டிகினாரு. போவும்போது ராயப்பன் முன்னால, இவரு ரெண்டாவது. எங்க ஊட்ட தாண்டும்போது இந்த தபா திரும்பியே பாக்கல. அப்படி ஒரு வெறி மொகத்துல. நான் அந்த மொகத்த அதுவரைக்கும் பாத்ததே இல்ல.

கோயில சுத்திட்டு திரும்பும்போது, அம்மாடி, இவரு முன்னால வர்றாரு! ராயப்பன் ஒரு பத்தடி பின்னால. சட்டன்னு பாத்தா பத்தடி அஞ்சடியா ஆச்சு. ராயப்பன் மூச்ச புடிச்சிகினு நெருங்குறான். இவருக்கு தெரியல. ஆவடி போவ இன்னும் எவ்ளோ தூரம் கெடக்கு!

"ஏங்க! ஓடுங்க! பின்னால வர்றான்!"ன்னு கத்துனேன்.

தெருவுல பாதி பொம்பளைங்க அவங்கவங்க புருஷனுக்கு "ஏங்க, ஏங்க"ன்னுதான் கத்திகினு இருந்தாங்க. அதுல என் "ஏங்க" எந்த மூலைக்கு? ராயப்பன் தோளு இவரு தோளாண்ட வந்துடுச்சு. போச்சு, எல்லாம் போச்சுன்னு தோணுச்சு. அப்ப வயித்துலேர்ந்து வந்துச்சு.

"எத்திராஜூ!"

தெருவே கப்புன்னு அடங்கிப் போச்சு. அவரு நின்னுட்டாரு. செவப்பு கொடிய பாத்த ரயிலு மாதிரி, ரோட்டு நடுவுல அப்படியே நின்னுட்டாரு. ராயப்பன் தாண்டி போனான். போனவனும் திரும்பி திரும்பி பாத்துகினே போனான்.

"அடிப்பாவி"ன்னு எங்கம்மா வாயில அடிச்சிகினு, மண்ணெடுத்து என் தலைய சுத்தி போட்டா. ஆயுசு கொறஞ்சிடுமோன்னு அந்த பயம் எனக்கும் வருசக்கணக்கா இருந்துச்சு. பேரப்புள்ளைய தோள்ல வெச்சிகினு அவரு ஓடுனத பாத்தப்பதான் அது என்ன வுட்டுச்சு. ஆனா அந்த நேரத்துல பயப்பட ஏது நேரம்? வேலிய தாண்டி ரோட்டுக்கு ஓடுனேன்.

"அய்யய்யோ, இன்னா நிக்கிறீங்க? ஓடுங்க!"

"நீயா கூப்ட்ட?"

"நாந்தான். வாய் தவறி வந்துடுச்சி. ஓடுங்க சொல்றேன்!"

நவுரல. ஒருத்தன் போனான், ரெண்டு பேரு போனாங்க, கும்பலே தாண்டி போச்சு. கடேசில நாகேந்திரன் மூச்சு எறைக்க வந்து, "இன்னா கேங்கு, முடியலியா?"ன்னு நின்னாரு. இவரு "நீ போண்ணே"ன்னு கைய காட்டுனாரு. நாகேந்திரன் என்னயும் பாத்தாரு, அவரயும் பாத்தாரு, சிரிச்சிகினே ஓடுனாரு. வாழ்க்கைல மொத தபா அவருக்கு பின்னால ஒரு ஆளு!

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேந்து வந்துச்சு. "உங்களுக்கு புத்தி கீதா? சொம்பு போச்சே! எங்க நைனா இன்னா சொன்னாருன்னு தெரியும்ல?"

அவரு மொகத்துல வேர்வ கொட்டுது. அத தொடைக்கக்கூட இல்ல, என்னயே பாத்துகினு சொன்னாரு.

"உன்ன கூப்புடத்தான் வடிவு, இவ்ளோ நாளா ஓடிகினு இருந்தேன். நீயே என்ன கூப்ட்டுட்ட. இன்னும் எதுக்கு ஓடணும்?"

அவ்ளோ நீளமா அவரு பேசி நான் கேட்டதே இல்ல. நடு ரோட்டுல, ஊரு சனம் பாக்க, ஓன்னு அழுதேன். அழுதா இன்னா?

நைனா நுகத்தடிய வுட்டு எழுந்து வந்தாரு. "தோத்துட்டான். உள்ள போ வடிவு."

"போறேன் நைனா. உள்ள இல்ல, அவரு கூட."

"நான் சொன்ன சொல்லு இன்னா ஆவுறது?"

"உங்க சொல்லு உங்களோட இருக்கட்டும். ஊரு கேக்க அவர கூப்ட்டது நானு. கூப்ட்டுட்டு கூட போவாம நிப்பேனா?"

நைனா மொகத்த திருப்பிகினாரு. நான் நடந்தேன். கட்டின பொடவையோட, வெறுங்காலோட. வெயிலு என் மேல படக் கூடாதுன்னு அவரு அந்தப் பக்கமா நடந்து வந்தாரு. வாரா வாரம் என்ன இன்னா பொடவைல பாத்தாருன்னு ஒண்ணொண்ணா சொன்னாரு. கதவ சாத்துன நாளு கூட ஜன்னல்ல என் கண்ணு தெரிஞ்சிச்சாம். கள்ளன்!

ஊர தாண்டி, பனமரங்க கிட்ட வந்தப்ப, பின்னாலேர்ந்து "வடிவு, நில்லு"ன்னு ஒரு கொரலு. திரும்பி பாத்தா எங்க நைனா. ஓடி வர்றாரு! ஒரு கைல என் துணி மூட்ட, ஒரு கைல எங்கம்மா செருப்பு, வேட்டி அவுந்து காலுல சிக்குது, அத மூட்டையோட சேத்து புடிச்சிகினு ஓடி வர்றாரு. எங்க நைனா ஓடி நான் பாத்ததே கெடையாது. வரப்புல தண்ணி ஒடச்சிகினு போனாகூட நடந்துதான் போவாரு.

கிட்ட வந்து முட்டிய புடிச்சிகினு குனிஞ்சி நின்னாரு. செருப்ப என் காலாண்ட போட்டாரு.

"மொதல்ல வந்தாத்தான் அனுப்புவேன்னு சொன்னேன். அவன் வரல. அதனால நான் அனுப்பல." மூச்ச இழுத்து வுட்டாரு. "நானே கொண்டாந்து வுடறேன். நட."

எங்கூட்டாளு மூட்டைய வாங்கிகினாரு. "மாமா, இப்படி நெழல்ல வாங்க"ன்னாரு. நைனாவுக்கு இன்னும் மூச்சு வாங்கிகினு இருந்துச்சு, நாங்க ரெண்டு பேரும் நைனா கூட மெதுவாவே நடந்தோம்.