விமானத்தில் செய்த சத்தியம்

1963 நவம்பர் கடைசி. வவுனியாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மணி பத்தரை. காணிப் பத்திரத்தில் என் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில், சரியான பெயர் இதுதான் என்று சத்தியக்கடதாசி கொடுக்காவிட்டால் காணி வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதை எழுதித் தரும் சமாதான நீதவானின் விறாந்தையில் நிற்கிறேன். பேனை அவர் கையில், கண் பத்திரிகையில்.

"அமெரிக்காவிலை ஜனாதிபதி சத்தியம் செய்யிற முறை தெரியுமோ? இடக்கை வேதப்புத்தகத்திலை, வலக்கை மேலை. முந்தி ஒராள் குளிருக்கை மேற்சட்டை போடாமல் ரண்டு மணித்தியாலம் பேசி, ஒரு மாதத்திலை செத்துப்போனார்."

"ஐயா, நேரம் போகுது."

"பொறும். நீர் சைவம், புத்தகம் வேண்டாம். சால்வையை இடுப்பிலை கட்டும். கிழக்கை பாத்து நில்லும்."

கட்டுகிறேன். திரும்புகிறேன். பதினொன்றரை.

"இந்தமுறை பாரும், இருந்த ஜனாதிபதியைச் சுட்டுப்போட்டாங்கள். புதுசா வந்தவர் விமானத்துக்குள்ளையே சத்தியம் செய்திட்டார். ரண்டே நிமிசம்!"

"இந்த விறாந்தையையும் விமானம் எண்டு நினையுங்கோ ஐயா."

சிரிக்கிறார். பத்திரிகையைப் பார்த்தபடியே எழுதிக் கையெழுத்திட்டு நீட்டுகிறார். கச்சேரி வாசலில் வைத்து வாசித்துப் பார்க்கிறேன். என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் புது ஜனாதிபதியின் பெயர்.

பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம். சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி ஓடுகிறேன்.