எட்டக்காவும் இளமையாகும் நிக்கலும்

அறுபத்து மூன்றாவது எட்டில் யாராவது கதவைத் திறந்தால், திறந்தவர் யாராக இருந்தாலும் குற்றம் அவருடையதுதான். அக்கா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். ஈரத் துணிவட்டில் வெள்ளைப் பொடிக் குழம்பு. அதன்மேல் நிக்கல் மின்முனையைக் குப்புறப் பிடித்து, '8' எழுதுவது போல எட்டு எட்டாகத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். நூறு எட்டு முடிந்தால் உலோகத்தில் முகம் தெரியும். தெரிகிற முகம் பெரும்பாலும் கடுகடுவென்றுதான் இருக்கும்.

ஆய்வகம் முழுவதற்கும் அவர் எட்டக்கா. பத்தொன்பது ஆண்டுகளாக உதவியாளர். அங்கிருந்து போன கட்டுரைகள் நாற்பத்தொன்று. எதிலும் அவர் பெயர் இல்லை. நான்கில் மட்டும் கடைசி வரியில் நன்றி உண்டு. அந்த வரியிலும் அவருக்கு முன்னால், மின்வெட்டே இல்லாத கட்டடத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஆய்வகத்தின் லட்சியம் மிக உன்னதமானது. காரக் கரைசலில் ஆல்கஹாலைக் கலந்து, உலோகத்தின்மேல் ஆக்சிஜனேற்றம் செய்து, மின்சாரம் எடுப்பது. பிளாட்டினம் அதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். ஆனால் விலை கண்ணைக் கட்டும். அதே வேலையை ஏழை நிக்கலிடம் வாங்கிவிட்டால் உலகம் பிழைத்துக்கொள்ளும்.

அதுவரை உலகம் அக்காவின் வாய்க்குத் தப்பிப் பிழைக்க வேண்டும். மின்முனையை வெறுங்கையால் தொட்டவரிடம், "விரல்ல இருக்கற எண்ணெய்க்கும் சேர்த்து ரிசல்ட் எழுதிடுங்க" என்பார். கரைசல் புட்டியை மூடாமல் போனவரிடம், "ஊர்க் காத்தெல்லாம் உள்ளே போயாச்சு. இனிமே அது சோல்யூஷன் இல்லை, கழுநீர்." வீட்டிலும் இதே கதைதான். டம்ளரை மூன்று முறை அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "அம்மா, அது டம்ளர். தண்ணி குடிச்சா போதும்" என்பாள் மகள். கணவர் வாயே திறப்பதில்லை; அனுபவசாலி.

போன மாதம் அற்புதம் நிகழ்ந்தது. புது நிக்கல் பூச்சு ஒன்று, ஓட்ட ஓட்ட மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனது. மற்ற வினையூக்கிகள் உழைத்தால் களைக்கும், இது தெம்பாகிறது. இயக்குநர் அதற்கு 'உழைக்க உழைக்க இளமையாகும் வினையூக்கி' என்று பெயர் சூட்டிப் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார்.

"பத்தொம்பது வருஷமா உழைக்கறேன். நான் இளமையாயிட்டேனா?" என்று கேட்டுவிட்டு, அக்கா கரைசலைக் குனிந்து பார்த்தார்.

எதிர்முனையாக எப்போதும் அவர் மாட்டுகிற கருப்புக் கார்பன் தண்டு அங்கே இல்லை. ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க வந்தபோது, பென்சிலைச் செருகியது போல அது அசிங்கமாக இருக்கிறதென்று, இயக்குநரே கழற்றிவிட்டுப் பளபளவென்று பிளாட்டினச் சுருளை மாட்டியிருந்தார். அன்றிலிருந்துதான் அற்புதம்.

இன்று காலை பத்தரைக்கு இயக்குநர் புது டையோடு வந்தார். பதினோரு மணிக்கு விருந்தினர்கள். அவர்கள் கண்ணெதிரே அற்புதம் நடந்தாக வேண்டும். கையில் புதுக் கட்டுரைக்கான ஆசிரியர் படிவம்.

"உங்க பேரும் இருக்கும்மா. மூணாவது பேர். ஒரு கையெழுத்துப் போடுங்க."

அக்கா அந்தப் பெயரைப் பார்த்தார். எழுத்துப் பிழைகூட இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"கார்பன் வச்சு மூணு தடவை ஓட்டிட்டேன் சார். கரண்ட் ஏறலை. எதிர்ல நிக்கற பிளாட்டினம் துளித்துளியா கரைஞ்சு வந்து நிக்கல் மேல உக்காருது. வேலை பார்க்கறது அது. பேர் வாங்கறது நிக்கல்."

"தூசி அளவு இருக்குமா? அதுக்குப் போய்."

"தூசி அளவு பிளாட்டினமே ரிசல்ட்டைக் கெடுக்கப் போதும்னு போர்டுல எழுதிப் போட்டது நீங்கதான் சார்."

"எல்லாம் முடிஞ்ச பிறகு யாரும்மா நோண்டப் போறா? பத்தொம்பது வருஷம் காத்திருந்தீங்க. வர்ற பேரை ஏன் கெடுத்துக்கறீங்க?"

"எத்தனை பேர் இதை நம்பி இன்னும் பத்து வருஷம் நிக்கலைத் தேய்ப்பாங்க, தெரியுமா சார்? தேய்க்கறவளுக்குத்தான் தெரியும்."

"கோபம் உடம்புக்கு ஆகாதும்மா" என்று அறிவுரை வழங்கி, படிவத்தை மேசையில் வைத்துப் பேனாவையும் அதன்மேல் வைத்துவிட்டு, இயக்குநர் வாசலுக்கு விரைந்தார்.

அக்கா புது நிக்கலைத் தேய்த்து முடித்தார். நூறு எட்டு. பாத்திரத்தில், பிளாட்டினச் சுருளுக்கு எதிரே பொருத்தினார். வராந்தாவில் காலணிச் சத்தம் நெருங்கியது. இயக்குநரின் குரல் 'இளமை' என்ற இடத்தில் உயர்ந்தது. அக்கா கார்பன் தண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கையுறையைக் கழற்றினார். பத்தொன்பது ஆண்டுகளில் யாரையும் வெறும் விரல் வைக்க விடாத பிளாட்டினச் சுருளை வெறுங்கையால் பிடுங்கி, துடைக்காமல், தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு டப்பென்று மூடினார்.