வெறும் பெல்ட்டில் ஓடிய நிலக்கரி

நான் வழக்கமாக அருவி, மலை, கோயில் என்று எழுதுகிறவள். இந்த முறை சென்னைக்கு வடக்கே ஒரு அனல் மின்நிலையத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு ஊர் சுற்ற வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அங்கே என் தம்பி இருக்கிறான், போனில் சரியாகப் பேசவில்லை. அக்காமார் ரயிலேற அதைவிடப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம்.

தம்பி முருகேசன் அத்திப்பட்டுப் பக்கம் உள்ள அந்த மின்நிலையத்தில் பொறியாளர். திருவொற்றியூரில் வாடகை வீடு. அவன் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். "என்னைய வடக்க மாத்திருவாங்க போலக்கா" என்று ஒரே வரி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அன்று மாலையே தூத்துக்குடியில் வண்டி ஏறினேன்.

எழும்பூரில் காலையில் இறங்கினால் அங்கிருந்து கடற்கரை நிலையம் நாலு கிலோமீட்டர், மின்சார ரயில். கடற்கரையில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாற வேண்டும். டிக்கெட் ஐந்து ரூபாய். இராயபுரம் தாண்டியதும் மீன் வாடை ஜன்னல் வழியாக ஏறிக்கொள்ளும். கொருக்குப்பேட்டையில் சரக்கு வண்டிகளுக்கு வழிவிட்டு நம் வண்டி நிற்கும். நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். தண்டவாளத்தை ஒட்டிய வீடுகளில் குடத்தை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ரயில் ஒரு பொருட்டே இல்லை.

திருவொற்றியூர் வீட்டில் கதவைத் திறந்தது செல்விதான். "மதினி, நீங்களாச்சும் கேளுங்க. சோறு எறங்க மாட்டேங்குது அவுகளுக்கு" என்றாள். அவளுக்கும் இறங்கவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சாயங்காலம் தம்பியை உட்காரவைத்துக் கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். நிலக்கரியை எரித்தால் கரியமில வாயு மேலே போகிறது, பூமி சூடாகிறது. இது இப்போது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். குறைத்தே ஆக வேண்டும் என்று இவர்கள் நிலையத்துக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஆனாலும் நாமாகவே குறைத்துக் காட்டுவோம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தபோது, முந்திக்கொண்டு கை தூக்கியவன் இவன். அதே அளவு மின்சாரம், கொஞ்சம் குறைந்த நிலக்கரி. அவ்வளவுதான் திட்டம்.

அதற்காக ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு நிலையத்தின் ஒரு யூனிட்டில் மாதக்கணக்காக மாரடித்திருக்கிறான். நீராவியைக் குளிரவைக்கும் குழாய்களுக்குள் கழிமுகத் தண்ணீரோடு வந்து ஒட்டிக்கொண்ட சிப்பியையெல்லாம் சுரண்டி எடுத்தார்கள். நீராவி ஒழுகிய இடங்களை அடைத்தார்கள். கொதிகலனுக்குள் வேண்டாத காற்று புகும் சந்துகளை மூடினார்கள். எரிகிற கரியைச் சரியாக அளக்க வேண்டுமே, அதற்காக பெல்ட்டிலேயே எடை பார்க்கும் புதுக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தினார்கள்.

முதலில் கணக்கு நன்றாகத்தான் இறங்கியது. நூறு கிலோ எரித்த இடத்தில் தொண்ணூற்றெட்டு. "இது பெருசாடா?" என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை ரயில் கரி எரிக்கோம், அதுல நூத்துக்கு ரெண்டு கிலோன்னா சும்மாவாக்கா" என்றான். பிறகு திடீரென்று கணக்கு பழையபடி ஏறிவிட்டது. எதைத் தொட்டாலும் இறங்கவில்லை. மேலதிகாரி பொறுத்துப் பார்த்தார். திங்கட்கிழமை கூட்டம். அதில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லையென்றால் குழுவைக் கலைத்துவிட்டு, இவனை வட இந்தியாவில் கட்டுமானத்தில் இருக்கும் இன்னொரு நிலையத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்களாம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "யாரும் கேக்காத வேலைய எதுக்குல தலையில தூக்கி வச்ச? புள்ளத்தாச்சிய விட்டுட்டுப் போவியா நீ?" என்று கத்திவிட்டேன். செல்வி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. வேலை செய்பவர்களின் வீட்டாரை ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதிச் சீட்டு கொடுத்து உள்ளே விடுவார்கள். தம்பி விடியலிலேயே போய்விட்டான். நான் சோற்றுத் தூக்கோடு பத்து மணிக்குக் கிளம்பினேன். அங்கேதான் ஒரு தப்பு செய்தேன். ரயிலில் போகாமல், கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எண்ணூர் வரை பத்து ரூபாய். எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது, ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ரோடு முழுக்க கன்டெய்னர் லாரிகள். கடலைப் பார்த்ததைவிட லாரி டயரைப் பார்த்ததுதான் அதிகம்.

டிரைவர் நடுவயதுக்காரர், பேச்சுக்காரர். தூரத்தில் புகைபோக்கி தெரிந்ததும் கேட்டார். "இன்னா மேடம், கரண்ட் கம்பெனிக்கா போறே?"

"ஆமா. தம்பி வேலை பாக்கான்."

"நம்ம வூட்ல துணி காயப் போட்டா கறுப்பாத்தான் எடுக்கணும். அத்த கொறைக்கிறோம், இத்த கொறைக்கிறோம்னு இப்போ பேசிக்கினு கீறாங்கோ. எவனும் கேக்காமயே ஒருத்தன் தானா கொறைப்பானா? சொல்லு."

நேற்று நான் தம்பியிடம் கத்தியதும் இதேதான். ஆனால் இவர் வாயால் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. "குறைச்சுக்கிட்டுதான் இருக்கான்" என்றேன், கொஞ்சம் வேகமாகவே. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அப்போ நல்லா இருக்கட்டும் மேடம்" என்று அடுத்த லாரியைத் திட்டப் போய்விட்டார்.

எண்ணூரில் வேறு ஆட்டோ பிடித்து, கழிமுகத்துப் பாலத்தைத் தாண்டி வாசல் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். சீட்டு வாங்கி, தலையில் மஞ்சள் தொப்பி மாட்டி உள்ளே விட்டார்கள். அளவு எனக்குச் சேரவில்லை, போட்டோ கேட்காதீர்கள். தம்பி ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூக்கை மூடினான். "வா, பெல்ட்டப் பாக்கலாம். நாளைக்கப்புறம் நான் இங்க இருப்பனோ மாட்டனோ" என்றான். எங்களோடு ஏழுமலை என்பவரும் வந்தார். பெல்ட் பகுதி ஆள், கொருக்குப்பேட்டைக்காரர். தம்பியின் குழுவில் அவரும் ஒருவர்.

துறைமுகத்திலிருந்து அந்த யூனிட்டுக்கு நிலக்கரி வரும் பெல்ட், தகரக் கூரை போட்ட நீண்ட பாதைக்குள் ஓடுகிறது. பக்கத்தில் நடக்க ஒடுக்கமான வழி. எதைத் தொட்டாலும் கை கரி. மேலே உள்ள தொட்டிகள் நிரம்பியிருந்ததால் பெல்ட் நின்றிருந்தது. நடுவில் ஓரிடத்தில், பெல்ட்டைத் தாங்கும் நாலைந்து உருளைகள் மட்டும் தனியாக ஒரு இரும்புச் சட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தன. அதுதான் அந்த எடைக் கருவி. சட்டம் எவ்வளவு அமுங்குகிறதோ அதை வைத்துக் கணக்குப் போடுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பாவுக்குத் தூத்துக்குடியில் மளிகைக்கடை. நானும் தம்பியும் தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். காலையில் கடை திறந்ததும், சாமி படத்துக்குப் பூப் போடுவதற்கு முன்னாலேயே அப்பா வெறும் தட்டைப் பார்ப்பார், முள் நடுவில் நிற்கிறதா என்று. "எல, இதுக்கு வெறுந்தட்டு பாத்தியா?" என்றேன், சும்மா கிண்டலுக்குத்தான்.

"மாட்டுன அன்னைக்கே பாத்தாச்சுக்கா. முட்டை காட்டுச்சு."

"அப்பா மாட்டுன அன்னைக்கு மட்டுமா பாத்தாரு?"

அவன் உடனே கட்டுப்பாட்டு அறைக்குப் பேசி, கரி போடாமல் பெல்ட்டை மட்டும் கொஞ்சம் ஓட்டச் சொன்னான். மணி அடித்தது. பெல்ட் கிறீச்சிட்டுக் கிளம்பி, கறுப்பாக, வெறுமையாக எங்களைத் தாண்டி ஓடியது. சுவரில் இருந்த சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் எரிந்தன. முட்டை வரவில்லை. ஒரு துண்டு கரிகூட இல்லாத பெல்ட்டில் டன் கணக்கில் கரி ஓடுவதாக அந்தப் பெட்டி எழுதிக்கொண்டே போனது.

பெல்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, தம்பி மண்டியிட்டு டார்ச்சை அடித்துச் சட்டத்துக்கு அடியில் பார்த்தான். நானும் குனிந்து பார்த்தேன். சட்டத்தின் குறுக்குக் கம்பியில், தேங்காய்நார்க் கயிற்றில், கரி பூசிக் கறுத்துப்போய், பூதத்தின் கண்ணும் பல்லும் மங்கலாகத் தெரிய, ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல பெரிய காய்.

"ஏழுமல, இது யாரு கட்டுனது?"

"நீதான சார் கட்ட சொன்னே." ஏழுமலை பயப்படவில்லை, உள்ளதைச் சொன்னார். "ஆயுத பூஜ அன்னிக்கு. புது மிசினு, எல்லாரும் வந்து வந்து பாக்குறாங்கோ, கண்ணு பட்டுடும், பெரிசா ஒண்ணு வாங்கியாந்து கட்டுன்னே. மேல எடமில்ல. அடில கட்டிட்டேன்."

தம்பி அப்படியே கரித்தரையில் உட்கார்ந்துவிட்டான். கணக்கு ஏறிய நாள் எதுவென்று அவன் வாயைத் திறந்து சொல்லத் தேவையே இல்லை. இத்தனை பேர் தினமும் அந்தப் பக்கம் நடந்திருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டு வாசலில் தொங்கும் பூசணிக்காயைக் கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தீர்கள்? கட்டுவதோடு சரி, அதன்பிறகு அதுதான் நம்மைப் பார்த்துக்கொள்ளும்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. தம்பியும் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான், முகமெல்லாம் கரி.

ஆனால் அதை எடுப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஏழுமலை கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "கட்டுனத நடுவுல அவுத்தா பேஜாரு சார். அப்புறம் எதுனா ஆச்சுன்னா என் தலைலதான் வுழும்." தம்பி வற்புறுத்தவில்லை. எஞ்சினியரிங் படித்தவன்தான், ஆனால் அவனுக்கும் கை வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். அவிழ்த்த காயை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சூடம் ஏற்றி முறையாக உடைப்பது. புதுக் காய் ஒன்றை வாங்கி, கருவிக்குச் சம்பந்தமே இல்லாத சுவர்க் கம்பியில் கட்டுவது. கயிற்றை அறுத்ததும் மறுபடி பெல்ட்டை வெறுமையாக ஓட்டினார்கள். பெட்டியில் வரிசையாக முட்டை. அவ்வளவு அழகான முட்டைகளை நான் எந்தப் பையனின் பரீட்சைத் தாளிலும் பார்த்ததில்லை.

அன்று மாலை முழுக்கத் தம்பி வீட்டில் உட்கார்ந்து, இரண்டு வாரக் கணக்கிலும் பூசணிக்காயின் எடையைக் கழித்தான். கழித்ததும் கோடு இறங்கி, பூஜைக்கு முந்தைய கோட்டோடு போய்ச் சேர்ந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு, அதிலும் கொஞ்சம் குறைவு. செல்வி ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். நான் எண்ணவில்லை, அவளே சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஷேர் ஆட்டோ வேண்டவே வேண்டாம். கடற்கரையிலிருந்து அத்திப்பட்டு புதுநகர் வரை ரயிலிலேயே போங்கள், ஏழு ரூபாய்தான். அங்கிருந்து வாசலுக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். உள்ளே ஆள் தெரியாமல் விட மாட்டார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெள்ளை உடுப்பு கூடாது. தண்ணீர் கையில் இருக்கட்டும். திரும்பும்போது திருவொற்றியூரில் இறங்கி வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இரண்டு நாளில் இரண்டு முறை போனேன், வேண்டிக்கொள்ள ஒரு முறை, நன்றி சொல்ல ஒரு முறை. யாரும் கேட்காமல் ஒருவன் தானாகக் குறைப்பானா என்று ஆட்டோக்காரர் கேட்டாரே, அவரை மறுபடி பார்த்தால் நின்று பதில் சொல்லிவிட்டு வருவேன். அவர் வீட்டுத் துணி உடனே வெளுத்துவிடாதுதான். ஆனால் குறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

திங்கள் மாலை நான் எழும்பூரில் வண்டிக்காகக் காத்திருந்தபோது தம்பி போன் செய்தான். மாற்றல் இல்லை. குழு தொடர்கிறது, அடுத்த யூனிட்டும் இவர்களுக்கே. வளைகாப்புக்கு வளையல் நீயே வாங்கி வா என்றான். எனக்குப் பிளாட்பாரத்திலேயே அழுகை வந்துவிட்டது.

"பூசணிக்காயப் பத்திச் சொன்னியால?" என்று கேட்டேன்.

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னானாம். மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"அவுத்துட்டீங்க, சரி. வேற எடத்துல கட்டிட்டீங்கள்ல?"