துண்டுக்குள் பேசிய விலை

பேச்சிமுத்து தத்துவம் படித்தார், அது போதாதென்று சட்டமும் படித்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்ததும், வியாபாரத்தில் எது நியாயம் என்று ஆராயக் கிளம்பினார். எழுபதுகளில் அப்படியொரு படிப்பு இருப்பதே அவர் குடியிருந்த காளவாசலில் யாருக்கும் தெரியாது. "யாவாரத்துல நியாயமா? அதுக்குப் பட்டம் வேறயா தம்பி?" என்று மளிகைக் கடைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரிக்கத் தெரிந்திருந்தால் பின்னால் வந்த வம்பு வந்திருக்காது.

அவருடைய அண்ணன் சோணைமுத்து மாட்டுத் தரகர். நகருக்கு மேற்கே கூடும் சந்தையில், கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விற்பவரின் விரல்களைப் பிடித்தே விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. மறைத்துப் பேசும் விலை ஏமாற்றுக்கு வழி என்று பேச்சிமுத்து ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தார். நியாயம் பேசுகிறவன் சொந்த வீட்டை விட்டுவிடக் கூடாது என்ற வீறாப்பில், உதாரணத்துக்கு அண்ணன் பெயரையே சொன்னார். பேப்பரில் வந்தது. சந்தை டீக்கடையில் உரக்க வாசித்தார்கள். கூடப்பிறந்தவனே சொல்கிறான் என்றால் சும்மாவா? அடுத்த சந்தையிலிருந்து சோணைமுத்துவின் துண்டுக்குள் யாரும் கை நீட்டவில்லை.

அவர் ஆனையூரில் ஓர் அரிசி மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். தம்பி வீட்டுப் படியை இனி மிதிப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார்.

பேச்சிமுத்து பேராசிரியரானார். சென்னைக்கும் டெல்லிக்கும் பேசப் போனார், மாலை போட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய் எட்டிப் பார்ப்பார். அண்ணன் ஒரு வேளை வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், மற்றதெல்லாம் போகட்டும் என்று ஏங்கினார். அதை மனைவி மலையம்மாளிடம்கூடச் சொன்னதில்லை.

எண்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருடம், மாமனார் தவசி தன் உழவு மாடுகளை விற்க இவரைத் துணைக்கு அதே சந்தைக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் ஊர்க்காரர்கள், சம்பந்திகள். தரகர் துண்டைப் போட்டார். தவசியின் முகம் ஒரு கணம் செத்துப்போனது, பிறகு தலையாட்டினார்.

"எம்புட்டுக்குப் போச்சு மாமா?"

"போச்சு மாப்ள, அம்புட்டுத்தான்."

மீசையைத் தடவிக்கொண்டு, தலை நிமிர்ந்து, ஊர்க்காரர்களுக்கு நடுவே டீ குடிக்கப் போனார் கிழவர். எந்த அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. துண்டு எதை மூடுகிறது என்று பேச்சிமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. அங்கேயே நின்று அழுதார்.

மறுநாளே ஆனையூர் போய், தான் பேசியது தப்பு என்று அண்ணனிடம் சொன்னார். சோணைமுத்து நிதானமாகக் கேட்டார்.

"என்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அந்தச் சந்தையில நின்னு, அம்புட்டுப் பேரும் கேக்கச் சொல்லு. அன்னைக்கு உன் வீட்டுக்குச் சாப்பிட வாரேன்."

அடுத்த சந்தையில், தண்ணீர்த் தொட்டி அருகே நின்று பேராசிரியர் குரலை உயர்த்தினார். "நான் பேசுனது தப்பு. எங்கண்ணன் சோணைமுத்து யாரையும் ஏமாத்தல."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தரகர் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"யாருண்ணே அது, சோணைமுத்து?"

பேச்சிமுத்து மற்ற முகங்களைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் என்ன சொன்னார்கள் என்று அண்ணன் கட்டாயம் கேட்பார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆனையூர் பஸ் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. பேச்சிமுத்து ஏறாமல் உட்கார்ந்திருந்தார்.