ராக் பாடகருக்கு முப்பாட்டன் பிடித்த கதை

காலை ஆறு மணி. ஒன்பது மிஸ்டு கால். எல்லாமே செய்தி ஆசிரியர் தணிகாசலம். மாவட்ட நிருபர் வேலைக்கு வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நம் ஊரில் ஏதோ நடந்திருக்கிறது, அது நமக்குத் தெரிவதற்கு முன்பே சென்னைக்குத் தெரிந்துவிட்டது.

பிணமா, பூர்வீகமா?

தியோ முனுசாமி என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிரெஞ்சுக்காரர்களின் தீவு ஒன்றில் பிறந்து, பாரிசில் பெரிய மேடைகளில் பாடும் ராக் பாடகராம். அவருடைய முப்பாட்டன் முனுசாமி, மயிலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரியில் கப்பலேறியவர் என்று ஊர்ப் பெயரோடு எங்கோ சொல்லிவிட்டார். ஆனி மாதம் நேரில் பார்க்கவும் வருகிறாராம். அந்த ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மறுபடியும் போன் வரும்.

ஊர் எனக்குத் தெரிந்ததுதான். காலனிக்காரர்கள் இடுகாட்டுக்குப் போகும் வழியை மேலத்தெரு தண்டபாணி தன் நிலம் என்று சொல்லி முள்வேலி போட்டு அடைத்துவிட்டார். முன்னாள் ஊராட்சித் தலைவர், கேட்பாரில்லை. சாவு விழுந்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்க வேண்டும். காலனியில் குப்பம்மாள் என்பவரின் மாமனார் ஏழுமலை படுத்த படுக்கையாக இருந்தார். அவரையாவது ஓடையில் இறக்காமல் தரை வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று அந்த அம்மாள் தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்தார். அந்தச் செய்தியைத்தான் முந்தின நாள் அனுப்பியிருந்தேன். அது என்ன ஆயிற்று என்று தணிகாசலத்திடம் கேட்டேன்.

"பொணத்தை அப்புறம் பாத்துக்கலாம்யா, மொதல்ல பூர்வீகத்தைப் புடி."

தாடியும் கிட்டாரும்

நான் பிடிப்பதற்கு முன்பே பலர் பிடித்துவிட்டார்கள். திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவர், முனுசாமி தன் தாத்தாவின் பங்காளி என்றார். கோட்டக்குப்பத்தில் துபாயிலிருந்து திரும்பிய ஒரு பாய், கப்பலேறுமுன் முனுசாமி கடைசியாகச் சாப்பிட்டது தங்கள் வீட்டில்தான் என்றார். என்ன சாப்பிட்டார் என்பது வரை சொன்னார்.

எல்லாரையும் முந்திக்கொண்டவர் தண்டபாணி. பஸ் நிறுத்தத்திலிருந்து மேலத்தெரு வரை ஃப்ளெக்ஸ். "எங்கள் குலம் தந்த குரலே வருக!" ஒரு மூலையில் கைகூப்பிய தண்டபாணி, நடுவில் தாடியோடு பாடகர். தியோ முனுசாமிக்குத் தாடியே கிடையாது. யாரோ ஒரு வெள்ளைக்காரரைக் கொஞ்சம் கறுப்பாக்கி வைத்திருந்தார்கள். அடித்துக் கொடுத்த திண்டிவனம் கடையில் போய்க் கேட்டேன். டிசைன் செய்கிறவர் திரையிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை.

"கிட்டாரு கீதில்ல சார், அப்புறம் ஆளு யாரா இருந்தா என்னா?"

சுற்றுலாப் பயணி

தண்டபாணியின் வீட்டில் காபி நன்றாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். முனுசாமி தன் பாட்டனாருக்குச் சித்தப்பா முறை என்றார். ஆதாரம்? மூக்கு. பக்கவாட்டில் திரும்பி மூக்கைக் காட்டினார். குடும்பத்தில் எல்லாருக்குமே குரல் கணீரென்று இருக்கும் என்று சொல்லி, மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லி உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டும் காட்டினார்.

நிலமும் நீச்சுமாக இருந்த குடும்பத்துப் பிள்ளை எதற்காகக் கரும்பு வெட்டக் கடல் கடந்து போனார் என்று கேட்டேன். காபி டம்ளரை என் கையிலிருந்து அவரே வாங்கி வைத்தார்.

"கூலிக்கெல்லாம் போவல சார், ஊரு சுத்திப் பாக்கப் போனவரு அங்கியே தங்கிட்டாரு."

ஒரே ஒரு பேட்டி

வருவதற்குச் சில நாட்கள் முன்னால் பாடகர் ஒரு டி.வி.க்குப் பேசினார். இவ்வளவு வேகமான தாளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் தீவில் தீமிதித் திருவிழாவுக்குப் பறை அடிப்பது எங்கள் குடும்பம்தான். முப்பாட்டன் ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த வேலை அது. எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

இதற்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் உரை தேவையில்லை. மண்டிக்காரர் போனை எடுக்கவில்லை. பாய் மட்டும் சாப்பிட்டது சாப்பிட்டதுதான் என்று நின்றார். பொழுது சாய்வதற்குள் ஃப்ளெக்ஸ்கள் இறங்கி, தண்டபாணி வீட்டு வைக்கோல் போரின் மேல் கவிழ்ந்து கிடந்தன. உங்கள் குலம் தந்த குரல் என்ன ஆயிற்று என்று அவரைக் கேட்டேன்.

"கலைஞனுக்கு ஏது சார் சாதி? இன்னும் என்னாத்துக்குப் பூர்வீகத்த நோண்டிக்கினு?"

விருந்தாளிப் பாதை

முன்னோர் புதைந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பாடகர் தரப்பில் கேட்டுவிட்டார்கள். தாலுகா ஆபீஸ் ஆடிப்போயிற்று. வெளிநாட்டுக் கேமராவுக்கு முன்னால் பாடகரை ஓடையில் இறக்க முடியுமா? ஆண்டுக்கணக்கில் அசையாத முள்வேலியை ஒரு ஜேசிபி காலை டிபனுக்குள் புரட்டிப் போட்டது. மதியத்துக்குள் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டிவிட்டார்கள். தண்டபாணியே நின்று மேற்பார்வை பார்த்தார். குப்பம்மாளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மனுவுக்கு வராத பாதை ஒரு பாட்டுக்காரருக்கு வந்துவிட்டதே என்று வருவாய்த் துறை அதிகாரியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார்.

"விருந்தாளி போற வரைக்கும்தான் சார் பாதை, ஆடியில தண்டபாணி அங்க மல்லாட்டை வெதைக்கணுமாம்."

அடுத்த தபா

பாடகர் வந்தார். பாதையில் வெறுங்காலோடு நடந்தார், நடப்பதை வீடியோ எடுக்கச் சொன்னார், இடுகாட்டு மண்ணைச் சிறிய பாட்டிலில் எடுத்துக்கொண்டார். கப்பலேறிப் போனவரின் வம்சம் நாங்கள்தான் என்று காலனியில் சொன்னதும் ஏழுமலையின் கட்டிலருகே உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதார். ஏழுமலைக்கு மூச்சு முட்டியது. பாதை எவ்வளவு அமைதியாக, அழகாக இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் ஊருக்கு நன்றி சொல்லிவிட்டு ஏசி வேனில் ஏறிப் போனார். அந்த வாரமே கிராவலை வாரிவிட்டு வேலியை நட்டுவிட்டார்கள்.

பின்தொடர் செய்திக்காக மறுபடி போனேன். குப்பம்மாள் மாமனாருக்குக் கேப்பைக் கூழ் ஆற்றிக்கொண்டிருந்தார். பாடகரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று, எங்கள் தொழிலின் அசட்டுக் கேள்வியைக் கேட்டேன். கூழைக் கலக்கியபடியே அவர் கேட்டார்.

"அந்தத் தம்பி அடுத்த தபா எப்ப வர்றாருன்னு கேட்டுச் சொல்லுங்க சார், அதுவரைக்கும் இவரு தாங்குவாரான்னு பாக்கணும்."

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, நல்ல மழையில், ஏழுமலையை ஓடை வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். அன்றைக்குப் பாடகருக்குப் பாரிசில் கச்சேரி.