சித்தப்பாவின் சிவந்த முகம்

சித்தப்பாவுக்கு முதலில் கழுத்துதான் சிவக்கும். அங்கிருந்து கன்னத்துக்கும் கண்ணுக்கும் ஏறி, சில நிமிடங்களில் தணியும். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டிகளை இறக்கும்போது வரும். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் வரும். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு.

குடிக்கிறார் என்று ஊர் முடிவு கட்டியது. சித்தியின் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தில், "காலையிலயே ஏத்திட்டீங்களா மாமா?" என்று ஒருவன் கேட்டுச் சிரிக்க, சாப்பிடாமலே எழுந்து போனார். வீட்டில் சித்தி அவர் வாயை முகர்ந்து பார்ப்பாள். வாடை இருக்காது. "வாசமில்லாத சரக்கு எதையோ கண்டுபுடிச்சு வெச்சிருக்காரு" என்பாள். மெல்ல அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்தவள்.

பார்த்த மருத்துவர்கள் குடல் பலவீனம் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஆள் பாதியாக இளைத்த பிறகு, தர்மபுரியில் ஒரு பெண் மருத்துவரிடம் நானும் சித்தியும் அழைத்துப் போனோம். படுக்கவைத்து, வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். அழுத்திய கையின் கீழேயே சித்தப்பாவின் கழுத்து சிவந்து, முகமெல்லாம் பரவியது. மருத்துவர் கையை எடுத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அடிக்கடி வருதுங்களா?"

"குடிச்சா வரும்ங்க," என்றாள் சித்தி.

"இப்ப என் கண்ணு முன்னாடிதானேம்மா படுத்திருக்காரு. எங்க குடிச்சாரு?"

சித்தி குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தாள்.

ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரையும் ஸ்கேனையும் சதைப் பரிசோதனையையும் பார்த்த பிறகே மருத்துவர் உறுதியாகச் சொன்னார். சிறுகுடலில் அபூர்வமான ஒரு புற்றுக்கட்டி, மெதுவாக வளர்வது. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அது சுரக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்துதான் முகத்தைச் சிவக்க வைத்தது, வயிற்றையும் கலக்கியது. சித்தப்பா கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் குடிக்கலைன்னு இவகிட்ட நீங்களே ஒருதரம் சொல்லிருங்கம்மா."

மருத்துவர் வாய் திறப்பதற்குள் சித்தி அழுதுவிட்டாள்.

குடலில் இருந்ததை அறுவை செய்து எடுத்தார்கள். கல்லீரலில் இருப்பதை முழுதாக எடுக்க முடியவில்லை. மாதம் ஓர் ஊசி அதை அடக்கி வைத்திருக்கிறது. சித்தப்பா மறுபடி மண்டிக்குப் போகிறார், சித்தியும் கூடவே போகிறாள். ஊசி நாள் நெருங்கும்போது எப்போதாவது முகம் சிவக்கும். யாராவது உற்றுப் பார்த்தால் சித்தி முந்திக்கொள்வாள்.

"அது வவுத்துல இருக்கற வியாதிங்க. எங்க வூட்டுக்காரரு ஒரு சொட்டு தொட்டதில்லீங்க."

கேட்பவர் பக்கத்தில்தான் நிற்பார். ஆனாலும் மண்டி முழுக்கக் கேட்கும்படிதான் சொல்வாள்.