வலது தோளில் ஏறிய கட்டம்

செண்பகனூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பள்ளிக்கூடச் சீருடைதான். கட்டம் போட்ட துணியில் இரண்டு துண்டு சேரும் இடத்தில் கட்டம் சேராவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவள் கையில்தான் மாப்பிள்ளையின் கட்டம் போட்ட டார்ட்டன் பாவாடை வந்து சேர்ந்தது. பாவாடை என்றால் மகளுக்குக் கோபம் வரும். "கில்ட்டும்மா, கில்ட்டு. அங்க ஆம்பளைங்க கட்டுறது" என்பாள்.

மகள் ஸ்காட்லாந்தில் நர்ஸ். மூன்று வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போனவள். டவுன் பஸ் வந்து நின்றாலே மிஷினை நிறுத்திவிட்டு, யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பேன். அவள் வருவதென்றால் விமானம், மதுரை, அப்புறம் மலைப்பாதை. சொல்லாமல் கொள்ளாமல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பார்ப்பேன். அப்படி ஓர் ஏக்கம்.

நான்காம் வருஷம் வந்தாள், கல்யாணம் செய்துகொள்ள. கூடவே அந்த ஊர்ப் பையனும் அவன் அம்மாவும். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே இருப்பாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

அங்கே ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒரு கட்டம் உண்டாம். பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு, சிவப்பு இழை இந்த இடத்தில் என்று கணக்கு. பார்த்ததும் இன்னார் வீடு என்று சொல்லிவிடலாமாம். கில்ட்டுக்கு எட்டு கஜக் கம்பளித் துணி, நம் சேலையைவிட இரண்டு கஜம் கூட. கொசுவம் முழுக்கப் பின்னால், நம் பின்கொசுவக் கட்டு மாதிரி. முன்பக்கம் சப்பையாக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மடிப்பு. விளிம்பு முட்டியின் நடுவில் நிற்கவேண்டும். அத்தனை கொசுவம் வைத்தும் பின்னால் கட்டம் கலையாமல் முழுசாகத் தெரிந்தது. தைத்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் இஸ்திரி போட அதை என்னிடம் கொடுத்தார்கள். முன்மடிப்பின் ஓரம் நூல்நூலாகத் தொங்கியது. கீழே ஒரே ஒரு பின்னூசி, அதுவும் மேல் மடிப்பில் மட்டும் குத்தியிருந்தது. எங்கள் ஊர்க் காற்று தெரியாத பிள்ளை, கோயில் வாசலில் மானம் போய்விடக் கூடாதே என்று, யாரிடமும் கேட்காமல் ஓரத்தை உள்ளே மடித்து, இரண்டு மடிப்பையும் சேர்த்து மேலிருந்து கீழே ஒரு தையல் ஓட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் அது மாப்பிள்ளையின் தொடைக்கு மேல் ஏறவில்லை.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க?" மகள் கத்தினாள். "அந்த ஊசி கனத்துக்குத்தான் குத்துறது, பூட்டுறதுக்கு இல்ல. வேட்டி மாதிரி சுத்திக் கட்டுறது, ரெண்டு மடிப்பும் தனித்தனியாத்தான் கெடக்கணும். ஓரத்துல தொங்குற நூலும் அழகுக்குத்தான் விட்டது. வெரசா பிரி!"

பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா எதிரே உட்கார்ந்து துணியை விறைப்பாகப் பிடித்துக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். ஒரு வார்த்தை திட்டியிருந்தால், பெண்ணைத் தரமாட்டேன் போங்கள் என்று சண்டை பிடிக்க ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

கோயிலில் தாலி கட்டியதும் அவர்கள் முறை ஒன்று இருந்தது. அதே கட்டத்தில் நீளமான ஒரு துண்டு. அதை மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தோளில் குத்திவிட்டால், இனி இவள் எங்கள் வீட்டுப் பெண் என்று அர்த்தம். பெண்களுக்கு வலது தோளாம். மகளின் இடது தோளில் நான் மடித்துவிட்ட பட்டு முந்தானை இருந்தது. வலது தோள் காலிதான். நம்மிலும் முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வருகிறது, அதற்கு யார் அழுகிறார்கள்? மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்தால் கோபித்துக்கொண்டாவது சாயங்கால பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள். இந்தத் துணி கடல் தாண்டி வந்தது.

சம்பந்தியம்மா குத்தப் பார்த்தார். கம்பளி கனம், பட்டு ரவிக்கை வழுக்கல். ஊசி இரண்டு முறை நழுவிவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்க்காததுபோல் நின்றிருக்கலாம். போனேன். ஊசியை வாங்கி, சிவப்பு இழை நேராக விழும்படி துணியை மடித்து, மகளின் வலது தோளில் என் கையாலேயே குத்தினேன்.

அவ்வளவு நெருக்கத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "ம்மா, நான் அங்கயே இருந்திருவேன்மா."

"தெரியும்டி. நேரா நில்லு, முன்னாடி பாரு. கட்டம் கோணுது."

கட்டம் கோணவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.